கழற்றிய கதவுக்கு இன்னொரு வீடு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் இன்றைக்குக் கதவு, யன்னல், கட்டில், கொமட், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். இவையும் என் துறைக்குள் அடங்கும் என்பது போகப்போக விளங்கும்.

இங்கே இருப்பவர்களில் கனபேர் அண்மையில் வீடு திருத்தியவர்கள், அல்லது திருத்த யோசிக்கிறவர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பா இருக்கும் வீட்டுக்கு மாபிள் போடுகிறார்கள், குளியலறையைப் புதிதாக்குகிறார்கள், மர யன்னலைக் கழற்றிவிட்டு அலுமினிய யன்னல் பூட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். வேலை முடிந்த பிறகு பின்வளவைப் போய்ப் பாருங்கள். முதிரை மர நிலைகள், பாலை மரத் தீராந்திகள், ஒரு கீறலும் இல்லாத வோஷ் பேசின், நூற்றுக்கணக்கான ஓடுகள் எல்லாம் வேலியோரம் குவிந்து கிடக்கும். இரண்டு மாரி போனால் மரத்தில் கறையான் ஏறிவிடும், ஓட்டுக் குவியலுக்குள் புடையன் குடியேறிவிடும். அதே முள்ளியவளையில், சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், கதவுக்குப் பதிலாகத் தகரத்தைச் சாத்திவிட்டு ஒரு குடும்பம் படுக்கிறது. இந்த இரண்டு வளவுகளுக்கும் இடையில் ஒரு வழி வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கழற்றிய பொருளின் அருமை வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் வன்னியில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சீமெந்தும் இரும்பும் இங்கே வருவதில்லை. ஜாம்போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். ஓடாமல் நின்றுபோன புகையிரதப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. ஒரு ஆணி வளைந்தால் தட்டி நிமிர்த்தி மறுபடியும் அடித்தோம்.

2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்தபோது சனங்கள் எதை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். உடுப்பையும் சமையல் பாத்திரத்தையும் மட்டுமல்ல, வீட்டுக் கூரையையே கழற்றி ஏற்றினார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் தகரம், ஓடு, கதவு, யன்னல் நிலை. அடுத்த இடத்தில் நிழலுக்கு அதுதான் என்று கொண்டுபோனார்கள். பிறகு மண்ணெண்ணெய் கிடைக்காமல், போக வழியும் இல்லாமல், இடத்துக்கு இடம் ஒவ்வொன்றாய் விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் சேலைகளைத் தைத்து மண்மூட்டை ஆக்கினார்கள். முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது பல வளவுகளில் சுவர் நின்றது. கூரையும் கதவும் நிலையும் இல்லை. ஆகவே, ஒரு கதவு போனால் என்ன போகிறது என்று இந்த ஊர்ப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதற்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. 50,000 வீடுகளைக் கொண்ட இந்திய வீட்டுத்திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் உரிமையாளரே கட்டும் முறையில், ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. அது பெரிய உதவி. இன்றைக்கும் பலர் அந்தக் கூரையின் கீழ்த்தான் இருக்கிறார்கள். ஆனால் விலைவாசி ஏற ஏற, அந்தப் பணத்தில் அத்திவாரமும் சுவரும் கூரையும் முடியும். பூச்சு, கதவு, யன்னல், மலசலகூடம் என்று வரும்போது கை கடிக்கும். பலர் கடன்பட்டார்கள், நகையை அடைவு வைத்தார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் தொடங்கிய அரச வீட்டுத்திட்டங்களிலோ தவணைப் பணம் இடையில் நின்றதால் பல வீடுகள் அரைகுறையாகவே நின்றுபோயின. 2021இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை அடுத்த ஆண்டில் மூவாயிரத்தைத் தாண்டியது. அரைகுறை வீட்டை முடிக்கலாம் என்று இருந்தவர்களின் எண்ணமும் அதோடு நின்றது. இப்படி நிற்கும் வீடுகளுக்குத் தேவையான பொருட்களைத்தான் நாங்கள் வேலியோரம் போட்டிருக்கிறோம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

முதலில் கட்டில். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. இரை தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் தீண்டும். கடித்த இடத்தில் பெரிய நோவோ வீக்கமோ இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், கண்ணிமை தூக்க முடியவில்லை என்பார்கள். பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கத் தொடங்கும். எங்கள் நாட்டின் உலர்வலயத்தில் கட்டுவிரியன் தீண்டி வருகிறவர்களில் பெரும்பாலானோர் நிலத்தில் படுத்தவர்கள். கால் உயர்ந்த ஒரு பழைய கட்டில், அதன்மேல் மெத்தைக்குள் செருகிவிடக்கூடிய ஒரு நுளம்புவலை, இவை இரண்டும் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். நேபாளத்தில் நடந்த ஆய்விலும் வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று கண்டார்கள். கீழே இடைவெளி இல்லாத கதவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது யன்னல். திருடருக்குப் பயந்தும், யன்னல் நிலை வாங்கக் காசில்லாமலும், யன்னல் வாசலைக் கல்லால் அடைத்துவிட்ட வீடுகள் இருக்கின்றன. ஒரே அறைக்குள் அடுப்பும் படுக்கையும், காற்றுக்கு வழியில்லை. புகை நெஞ்சை அரிக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களுக்கும் தொற்றும் வாய்ப்புக் கூடுகிறது. கிரில் போட்ட இரண்டு பழைய யன்னல்களை எதிரெதிரே பூட்டினால் பயமில்லாமல் திறந்து வைக்கலாம். காசில்லாமல் கிடைக்கும் வைத்தியம் காற்றோட்டம்.

மூன்றாவது, சொல்லக் கூச்சப்படும் பொருள், கொமட். போரில் கால் இழந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும், முழங்கால் தேய்ந்த வயோதிபருக்கும், பாரிசவாதம் வந்தவருக்கும் குந்தியிருக்கும் மலசலகூடம் பெருந்துன்பம். ஒருவர் பிடித்து இருத்த வேண்டும், பிடித்துத் தூக்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் அம்மாமாரை நான் கிளினிக்கில் பார்க்கிறேன். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி வைத்துச் சமாளிக்கிறவர்களும் உண்டு. நீங்கள் நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றும் கொமட், அந்த அம்மாவுக்கு ஒருவரையும் கூப்பிடாமல் தன் காரியத்தைத் தானே பார்க்கும் சுதந்திரம். குளியலறைச் சுவரில் இருந்த பிடிகம்பியையும் கழற்றும்போது எறிந்துவிடாதீர்கள், அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

நான்காவது, மூடியோடு கூடிய தண்ணீர்த் தாங்கி. மூடி இல்லாவிட்டால் அது தாங்கி அல்ல, நுளம்புப் பண்ணை. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்து நிரம்பினால் பொரிக்கும். ஆகவே பழைய தாங்கியைக் கொடுப்பதற்கு முன் உட்சுவரைத் தும்புத்தடியால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடி உடைந்திருந்தால் புது மூடி ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுங்கள். வேலியோரம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கொமட்டும் பேசினும் இதே வேலையைத்தான் செய்கின்றன என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்பாகக் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றினால் யாருக்கும் கொடுக்காதீர்கள். அது உடையும்போதும் வெட்டும்போதும் பறக்கும் நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலுக்குள் போய்த் தங்கி, இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாகக்கூட வெளிப்படலாம். கழற்றும்போதும் தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். தூளைக் கூட்டக்கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கோழிக்கூட்டுக்குத்தானே என்று கேட்டு வருகிறவருக்கும் கொடுக்க வேண்டாம்.

பழைய இனாமல் பெயின்ற் அடித்த கதவு, யன்னலில் கவனம் வேண்டும். பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு எங்கள் நாட்டில் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பெயின்ற்றை உலர்ந்தபடி சுரண்டினால் பறக்கும் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரியாமல் நன்றாக இருந்தால் அதன்மேலேயே புதுப் பெயின்ற் அடித்துக் கொடுங்கள். உரிந்து கொட்டுகிறதென்றால் ஈரப்படுத்தி, பிள்ளைகள் இல்லாத இடத்தில் சுரண்ட வேண்டும்.

பழைய வயர், சுவிச், பிளக் வேண்டாம். பழைய எரிவாயு ரியூப், ரெகுலேற்றர் வேண்டவே வேண்டாம். 2021இன் கடைசி மாதங்களில் நாட்டில் நடந்த எரிவாயு வெடிப்புகளை மறந்திருக்க மாட்டீர்கள். வெடிப்பு விழுந்த கொமட் பாரம் ஏறும்போது உடைந்தால் கத்தியை விட மோசமாக வெட்டும். மூட்டைப்பூச்சி பிடித்த மெத்தையைக் கொடுத்தால் நோயைக் கொடுத்த மாதிரி. மரத்திலும் தகரத்திலும் இருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டு வருடக்கணக்காகிவிட்ட பெரியவர்கள்தான் அவற்றைத் தூக்கப் போகிறார்கள்.

இனி, எப்படிக் கொடுப்பது?

2004 கடற்கோளுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோரத்தில் ஒரு காட்சி இருந்தது. நாடெங்கும் இருந்து லொறி லொறியாக வந்த பழைய உடுப்புகள் வீதியோரம் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, ஒருவருக்கும் பயனில்லாமல் போயின. கரையோரச் சனத்துக்கு எது தேவை என்று கேட்காமல், தங்களுக்கு எது மிச்சம் என்று பார்த்து அனுப்பியதன் விளைவு அது. அப்படிக் குவிந்ததைத் தரம் பிரித்துப் பயன்படுத்தியவர்களில் ஒன்று, 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்ற நிறுவனம். ஊருக்குப் பொதுவான ஒரு கிணற்றையோ பாதையையோ சனங்கள் தாங்களே திருத்துவார்கள். அந்த உழைப்புக்குரிய வெகுமதியாகப் பொருட்கள் போகும். கையேந்தி வாங்கியதாக இராது. கனடாவில் இருக்கும் அக்காமாருக்கு ரீஸ்ரோர் கடைகள் தெரிந்திருக்கும். ஹபிடாற் நிறுவனம் 1991இல் வினிப்பெக்கில் முதலாவதைத் தொடங்கியது. வீடு திருத்துகிறவர்கள் கழற்றிய கதவு, அலுமாரி, குழாய் எல்லாம் அங்கே போகும். குறைந்த விலையில் விற்று, வரும் காசை வீடு கட்டும் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததை எடுப்பார், பிடிக்காததை விடுவார்.

இந்த இரண்டிலும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். வாங்குகிறவருக்கு "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் அதைச் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டு அக்கா தந்தது, வேண்டாம் என்றால் குறை நினைப்பா என்று பயந்து வாங்கி வைப்பார்கள். பொருந்தாத கதவு அங்கேயும் வேலியோரம்தான் கிடக்கும், அவர்களுக்கு ஒரு சுமையாக. ஆகவே முதலில் போய்க் கேட்க வேண்டும். படத்தைக் காட்டி, "இது உங்களுக்குச் சரிவருமா, இல்லையென்றால் வேறு யாருக்கும் கொடுக்கலாம்" என்று இயல்பாகக் கேட்டால் உண்மையான பதில் வரும்.

அடுத்தது அளவு. கதவு என்றால் உயரம், அகலம், நிலையின் தடிப்பு, எந்தப் பக்கம் திறக்கும் என்பது எல்லாம் வேண்டும். நிலையோடு சேர்த்துக் கழற்றுங்கள். நிலை இல்லாத கதவு பாதிக் கதவு. சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்குத் திறந்த வழி 32 அங்குலமாவது இருக்க வேண்டும். வாசலில் சரிவு கட்டுவதானால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்கு உங்கள் வீட்டில் உடைத்த கல்லும் கொங்கிறீற்றும் நிரப்பப் போதும். கொமட் என்றால் அதன் வழி நிலத்துக்குள் போகிறதா சுவருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்; அது மாறினால் பூட்ட முடியாது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டிலும் வாளியால் ஊற்றிப் பாவிக்கலாம். குழி கிணற்றுக்கு அருகில் வராமல் இருக்க, வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவது, கொண்டுபோய்ப் பூட்டுவது. கன்டர் கூலியும் மேசன் கூலியும் தச்சருக்கான கூலியும் கொடுக்கிறவரின் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். பொருளை வாசலில் இறக்கிவிட்டு வந்தால், அதைப் பூட்டுவதற்கு அந்தக் குடும்பம் கடன்பட வேண்டியிருக்கும். கூலியை எங்கள் ஊர் மேசனுக்கும் தச்சருக்குமே கொடுத்தால் இன்னொரு வீட்டிலும் அடுப்பு எரியும். மரம் ஏற்றுவதற்கு அனுமதி வேண்டியிருக்கும். பழைய மரம்தானே என்று நினைக்காமல் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் அதைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு வருவதில்லை. துப்புரவாகக் கட்டி, மரியாதையோடு சுமந்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பார்கள். கொடை என்பதை எங்கள் ஊர் அப்படித்தான் பழகியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது நூறு வருடத்துப் பழைய சித்திர வேலைக் கதவோ தூணோ என்றால் அதற்கு நல்ல விலை கொடுக்க வியாபாரிகள் தேடி வருகிறார்கள். அப்படியானால் அதை விற்றுவிட்டு, அந்தக் காசில் இரண்டு மூன்று வீடுகளுக்குச் சாதாரணக் கதவு போட்டுக் கொடுங்கள். அதுவும் இதே கணக்கில் சேரும்.

எங்கள் சங்கத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சின்னது. கட்டடமோ களஞ்சியமோ தேவையில்லை. ஒரு கொப்பி போதும். இடது பக்கத்தில், வீடு திருத்தப் போகிறவரின் விபரம்: எந்த மாதம் கழற்றுவார், என்னென்ன வரும், என்ன அளவு. வலது பக்கத்தில், தேவைப்படும் வீட்டின் விபரம். வலது பக்கத்தை நிரப்பக் குடும்பநல உத்தியோகத்தரையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கேட்கலாம். எந்த வீட்டில் கதவில்லை, எந்த வீட்டில் கால் இல்லாதவர் இருக்கிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் குடும்பங்களின் பெயர் கொப்பியை விட்டு வெளியே போகக் கூடாது. கொடுக்கும்போது படம் எடுப்பதும் முகநூலில் போடுவதும் வேண்டாம்.

முக்கியமாக, உடைக்கத் தொடங்க முன் சொல்லுங்கள். ஒப்பந்தகாரர் பெரிய சுத்தியலைத் தூக்கிய பிறகு ஒன்றும் மிஞ்சாது. ஒரு நிலையைச் சேதமில்லாமல் கழற்ற ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். அந்த ஒரு நாள் கூலியை உங்கள் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

மண்டப வாசலில் அந்தக் கொப்பியை இன்றைக்கே வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு அளவுநாடாவும் இருக்கிறது. இந்த மலரை வேறு நாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதினால் அவர் குறித்துக்கொள்வார். வீட்டு வேலை தொடங்கும் திகதியை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.